முடிவிலிக்குக் கொஞ்சம் முன்னால்

இடிதாங்கிக் கம்பெனி காலண்டர் போட்டால் அதில் மின்னல் இருந்தாக வேண்டும். போன வருடம் போட்ட மின்னல் முதலாளியின் மூக்கை உடைத்துவிட்டது.

அது இணையத்தில் வாங்கிய படம். வானத்தைப் பிளந்துகொண்டு இறங்கும் நல்ல கனமான மின்னல். முதலாளி ஒரு பெரிய வாடிக்கையாளரைப் பார்க்கப் போனபோது, வரவேற்பறைச் சுவரில் இரண்டு காலண்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. ஒன்று இவர்களுடையது, இன்னொன்று போட்டிக் கம்பெனியுடையது. இரண்டிலும் அதே மின்னல். அவர்கள் இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். வரவேற்பில் இருந்த பெண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒரே இடிதான் போல சார். தாங்கினது யாரு, நீங்களா அவங்களா?" என்று கேட்டாள். முதலாளி அன்று ஆர்டரைப் பற்றி வாயே திறக்காமல் திரும்பி வந்தார்.

அதனால் இந்த வருடக் கூட்டத்தில் அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். நம் ஊர் வானத்தில் விழுந்த மின்னல், நம் ஆள் எடுத்த படம். வேறு எதுவும் வேண்டாம். சேல்ஸ் மேனேஜர் தன் மச்சான் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவர் என்று நினைவுபடுத்தினார். அவர் மின்னலையும் கன்னத்தில் கை வைத்து நிற்கச் சொல்வார் என்று முதலாளி மறுத்துவிட்டார்.

கதவோரம் கடைசி நாற்காலியில் இருந்தவள் அப்போது வாயைத் திறந்தாள்.

"என்கிட்ட கேமரா இருக்கு சார்."

மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது. அவள் பௌதிகம் படித்தவள். தாமிரக் கம்பிகளையும் பட்டைகளையும் சோதித்து, மண்ணுக்குள் மின்சாரம் ஒழுங்காக இறங்குகிறதா என்று அளந்து ரிப்போர்ட் எழுதுவது அவள் வேலை. வேலையில் பிழை வராது, வாயில் பேச்சு வராது. ஆபீஸில் அவளுக்கு 'மியூட்' என்றுதான் பெயர். யாரும் கேலியாகச் சொல்வதில்லை. அவளும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

"மியூட்ல இருந்து சத்தம் வருதே," என்றார் முதலாளி. "சரிம்மா, நீயே எடு. ஆனா ஒண்ணு. பெரிய சைஸ்ல அச்சடிக்கப் போறோம். மின்னலோட கிளை எல்லாம் நரம்பு நரம்பாத் தெரியணும். மங்கலா இருந்துச்சுன்னா வேண்டாம்."

அந்த அறையில் அவள் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். இனி படம் வராமல் போனால், அடுத்து எதற்கு வாயைத் திறப்பாள்?

கேமரா கல்லூரி சீனியரிடம் வாங்கிய பழையது. அதில் அவள் இதுவரை எடுத்ததெல்லாம் எறும்பு, குழாயில் தொங்கும் நீர்த்துளி, சர்க்கரைத் துகள். எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில், வெளிச்சத்தில் அசையாமல் இருப்பவை. மின்னல் இதற்கு நேர் எதிர்.

முதல் மழை வந்தது. மாடி அறை ஜன்னலைத் திறந்து, முக்காலியில் கேமராவைப் பொருத்திப் பொத்தானை அழுத்தினாள். அதன் ஆட்டோஃபோகஸ் என்னும் தானியங்கிக் குவியம் இருட்டில் சாவியைத் தேடும் ஆளைப்போல முன்னே போயிற்று, பின்னே வந்தது, மறுபடி முன்னே போயிற்று. எதிரே பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாததால் கடைசிவரை படமே எடுக்கவில்லை. வெளியே வானம் வாணவேடிக்கை நடத்தி முடித்துவிட்டுப் போய்விட்டது.

இரண்டாம் மழைக்கு அவள் உஷாராகிவிட்டாள். தானியங்கியை அணைத்துவிட்டுக் கையாலேயே குவிய வளையத்தைத் திருப்பினாள். வெகு தொலைவில் உள்ள பொருளின் பிம்பம் எங்கே விழும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் அல்லவா? வளையத்தில் படுத்துக் கிடக்கும் எட்டுதான் முடிவிலி. அந்தப் பக்கமாக, இனி திரும்பாது என்ற இடம்வரை திருப்பி வைத்தாள். ஷட்டரைத் திறந்து சில விநாடி விட்டுவிட வேண்டும். இடையில் மின்னல் வந்தால் தானே படத்தை எழுதிவிட்டுப் போகும். வந்தது, எழுதியது. பெரிதாக்கிப் பார்த்தபோது, மின்னல் நனைந்த கம்பளி நூலைப்போல் தடித்துக் கிடந்தது.

அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு பாப்பா. மழையில நனைஞ்சா மின்னலும் கொஞ்சம் ஊறத்தானே செய்யும்?"

அம்மா ஒரே கேள்விதான் கேட்டாள். "லென்ஸைத் துடைச்சியா?"

ராத்திரி படித்துப் பார்த்ததில் விஷயம் பிடிபட்டது. அந்த வளையம் முடிவிலியோடு நிற்பதில்லை, அதைத் தாண்டியும் கொஞ்சம் திரும்பும். வெயிலிலும் குளிரிலும் லென்ஸ் விரிந்து சுருங்கும் என்பதற்காக விட்டு வைத்த இடம் அது. முடிவிலியையும் தாண்டிப் போனால் மங்கல்தான். சரியான இடம் எதுவென்று அந்தக் குறியும் துல்லியமாகச் சொல்லாது. தொலைவில் உள்ள ஒரு விளக்கைத்தான் கேட்க வேண்டும்.

மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் ரயில் யார்டுக்கு அப்பால் ஒரு செல்போன் கோபுரம். அதன் உச்சியில் சிவப்பு விளக்கு. மூன்றாம் மழை வரும் என்று சொன்ன அன்று, இருட்டத் தொடங்கியதுமே அவள் கேமராத் திரையில் அந்த விளக்கைப் பல மடங்கு பெரிதாக்கினாள். முதலில் அது ஒரு தட்டு. வளையத்தை மெல்லத் திருப்பத் திருப்பச் சட்டைப் பொத்தானாயிற்று, பிறகு குண்டூசித் தலை. இன்னும் ஒரு மயிரிழை திருப்பினால் மறுபடி பொத்தான். திரும்பி வந்து குண்டூசியில் நிறுத்தினாள். கம்பெனியிலிருந்து கொண்டுவந்த சிவப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு துண்டு கிழித்து, வளையம் அசையாதபடி ஒட்டினாள். விசில் அடிக்கத் தெரிந்திருந்தால் அடித்திருப்பாள். கீழே சாப்பிடப் போனாள்.

அவள் ஒன்றை மறந்துவிட்டாள். ஒட்டியிருக்கும் எதையும் அம்மாவால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

அந்த வீட்டில் ஆப்பிளில் ஸ்டிக்கர் இருக்காது, எவர்சில்வர் பாத்திரத்தில் விலைச்சீட்டு இருக்காது. மிக்ஸியில் கம்பெனிப் பெயரே இருக்காது. பஸ்ஸில் முன் சீட்டின் முதுகில் பாதி உரிந்த விளம்பரம் இருந்தால், இறங்கும் இடம் வருவதற்குள் மீதியையும் உரித்துவிடுவாள். கை அந்த அளவுக்குத் துறுதுறு. இதனால் ஒரு சொந்தமே அறுந்தது. அப்பாவின் அக்கா, ரயில் யார்டுக்கு அந்தப் பக்கம் புது ஃப்ளாட் வாங்கியிருந்தார். அத்தை வேறு ரக மனுஷி: எதையும் பிரிக்கவே மாட்டார். சோபாவில் பிளாஸ்டிக் உறை, ரிமோட்டில் பிளாஸ்டிக் உறை, ரிமோட்டை வைக்கும் பெட்டிக்கும் ஓர் உறை. முதன்முதலாக வீடு பார்க்கப் போன அன்று, எல்லோரும் பால்கனியில் நின்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில், அம்மா புது ஃப்ரிட்ஜின் கதவில் இருந்த மெல்லிய தாளை மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பில் உரித்து, மடித்து, குப்பைக்கூடையிலும் போட்டுவிட்டாள். உதவி செய்ததாகத்தான் நினைத்தாள். அத்தை அழுதேவிட்டார். வார்த்தை தடித்தது. அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. அப்பா தன் அக்காவிடம் பேச வேண்டுமென்றால் தெருமுனைக்குப் போய்ப் பேசிவிட்டு, காய்கறி வாங்கப் போனதாகச் சொல்லி வெறுங்கையோடு வருவார்.

மூன்றாம் மழையும் நன்றாகத்தான் பெய்தது. மின்னல்களும் வஞ்சனை வைக்கவில்லை. எடுத்த எல்லாப் படமும் மங்கல். அவள் கேமராவைத் தடவிப் பார்த்தாள். டேப் இல்லை. அறை மூலையில் குப்பைக்கூடையில் சிவப்பாக ஓர் உருண்டை கிடந்தது.

"ஏதோ பிசுபிசுன்னு ஒட்டியிருந்துச்சுடி," என்றாள் அம்மா. "உரிச்சுட்டு, பிசுக்குப் போக வளையத்தைச் சுத்திச் சுத்தித் துடைச்சு வெச்சேன். எப்படிப் பளிச்சுன்னு இருக்கு பாரு."

அவளுக்குக் கோபம் வந்தாலும் சத்தம் வராது. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அம்மா அப்பாவிடம் விவரம் கேட்டாள் போலிருக்கிறது. கீழே வெகு நேரம் பேச்சுக்குரல் கேட்டது. காலையில் எழுந்தபோது தலைமாட்டில் காபி இருந்தது. அம்மா மாடி ஏறிக் காபி கொண்டுவருவது ஜுரம் வந்த நாட்களில் மட்டும்தான். மன்னிப்பு என்ற சொல்லை அம்மா எடுக்கவில்லை. எடுக்க மாட்டாள் என்பதும் தெரிந்ததுதான்.

ஆபீஸில் முதலாளி கேட்டதற்கு, இன்னொரு மழை வரட்டும் சார் என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். மழைக்காலமே முடியப்போகிறது, இந்த வாரக் கடைசியில் அச்சகத்துக்குப் படம் போக வேண்டும் என்றார் அவர். சேல்ஸ் மேனேஜர் தயாராகத்தான் இருந்தார். போன வருடப் படத்தையே ஊதா நிறமாக்கி ஒரு மாதிரிக் காலண்டர் செய்து வைத்திருந்தார். யாருக்கும் அடையாளம் தெரியாது என்று அவர் சொல்ல, முதலாளி அதைக் கையில் வாங்கிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சு அவளை என்னவோ செய்தது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

வாரக் கடைசிக்கு முந்தின நாள், ஊருக்கு வெளியே ஒரு கிடங்கில் அவளுக்கு மண் சோதனை வேலை. முடித்துவிட்டுப் பஸ்ஸில் திரும்பும்போதே மேற்கே கருகருவென்று கட்டிக்கொண்டு வந்தது. பஸ்ஸுக்கும் மேகத்துக்கும் போட்டி. அவள் வீட்டு வாசலில் கால் வைத்ததும் முதல் இடி முழங்கியது. மாடிக்கு ஓடினாள். முக்காலியை விரித்து, கேமராவைப் பொருத்தி, திரையில் கோபுரத்தைத் தேடினாள்.

கரண்ட் போய்விட்டது.

வீட்டில் மட்டுமல்ல, கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஊரே அணைந்துவிட்டது. கோபுரத்தின் பேட்டரி சிக்னலுக்கு மட்டும்தான், உச்சியின் சிவப்பு விளக்கும் போயிற்று. மேகம் மூடியதால் நட்சத்திரமும் இல்லை. மின்னலையே பார்த்துக் குவிக்கலாம் என்றால் அது கண் சிமிட்டும் நேரம்கூட நிற்பதில்லை. வானம் ஒரு கல்யாணத்துக்கே காணும் வெளிச்சத்தை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. ஆனால் வளையத்தை எங்கே நிறுத்துவது என்று சொல்ல, குண்டூசித் தலை அளவு விளக்கு ஒன்று இல்லை.

அப்பாவும் அம்மாவும் மெழுகுவத்தியோடு மேலே வந்தார்கள். அவள் இரண்டே வரியில் நிலைமையைச் சொன்னாள். தெருமுனையில் மெழுகுவத்தி பிடித்தால் போதுமா என்று அம்மா கேட்டாள். அது ரொம்பக் கிட்டே, மின்னலுக்குச் சரிவராது என்றாள். அப்பா உடனே குடையை எடுத்தார். ரயில் யார்டு தாண்டி மைதானத்தில் போய் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றார்.

"அப்பா, இடி நேரத்துல மைதானத்துல குடையோட நிக்கக் கூடாதுன்னு எங்க கம்பெனி நோட்டீஸ்ல முதல் வரியாப் போட்டிருக்கோம். நீங்க அங்க போய் நின்னா என் வேலையே போயிடும்."

"வேலைதான் போகுமா?" என்று கேட்டுக்கொண்டே அப்பா குடையைக் கீழே வைத்தார்.

அந்த விளக்கு தூரத்திலும் இருக்க வேண்டும், ஒரு வீட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். இந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியவும் வேண்டும். மூவருக்கும் ஒரே சமயத்தில் அது தோன்றியிருக்க வேண்டும். ஏனென்றால் மூவருமே ரயில் யார்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தார்கள். ஒரு மின்னலில் அத்தையின் ஃப்ளாட் கட்டடம் பளிச்சென்று தெரிந்து மறைந்தது. அப்பா சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்து, சார்ஜ் இல்லை என்றார். அவள் தன் போனைத் துழாவினாள். அதற்குள் பாதி மழை போய்விட்டது.

அம்மா மெழுகுவத்தியை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். இடுப்பிலிருந்து தன் போனை எடுத்தாள். நம்பரைத் தேடவே இல்லை. விரல் தானாக அழுத்தியது.

"அண்ணி, நான்தான் பேசறேன்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அம்மா நேரே விஷயத்துக்கு வந்தாள். "டார்ச் இருக்கா? இருந்தா எடுத்துட்டு வந்து, எங்க வீட்டைப் பாத்தாப்ல ஜன்னல் கிட்ட வெச்சுப் பிடிங்க. வெளிய நீட்டாதீங்க, உள்ள நின்னே பிடிங்க. பாப்பாவுக்கு வேணும். எதுக்குன்னு அப்புறம் சொல்றேன்."

போனை ஸ்பீக்கரில் போட்டு மெழுகுவத்திக்குப் பக்கத்தில் வைத்தாள். பீரோ திறக்கும் சத்தம், பெட்டி ஒன்றைப் பிரிக்கும் சத்தம், இன்னொரு பெட்டியைப் பிரிக்கும் சத்தம். பேட்டரி போடுகிறேன் என்றார் அத்தை. பிறகு, பிடித்துவிட்டேன் என்றார்.

அவள் திரையில் தேடினாள். ஏதோ ஒன்று தெரிந்தது. தெரிந்தது என்பதைவிட, தெரிந்ததோ என்று சந்தேகமாக இருந்தது. பெரிதாக்கினால் திரை முழுவதும் புள்ளி புள்ளியாக இரைச்சல், அதற்குள் சாம்பல் நிறத்தில் ஒரு கறை. வளையத்தைத் திருப்பினால் அது சிறிதாகிறதா பெரிதாகிறதா என்றே புரியவில்லை.

"ரொம்ப மங்கலா இருக்கும்மா. சின்ன டார்ச் போல."

"சின்னதா?" போனிலிருந்து அத்தை குரல் எகிறியது. "கடையிலயே பெருசு இதுதான்னு சொல்லிக் குடுத்தாங்க. இன்னிக்குத்தான் முதல்ல எடுக்கறேன், புத்தம்புதுசு."

புத்தம்புதுசு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அம்மாவின் தலை நிமிர்ந்தது. போனைக் கையில் எடுத்து வாய்க்கு அருகே பிடித்தாள். குரலை மிகவும் பதமாக வைத்துக்கொண்டாள்.

"அண்ணி, அந்த டார்ச் கண்ணாடி மேல ஏதாவது ஒட்டியிருக்கா?"

இரண்டு இடி முழங்கி ஓய்ந்தன.

"இருக்கு," என்றார் அத்தை. "வெள்ளைத் தாள். கண்ணாடி கீறாம இருக்கறதுக்கு."

"பிரிச்சுடுங்க அண்ணி."

"முழுசாவா?"

"முழுசா."

அடுத்து வந்த சத்தத்தை மூன்று பேரும் கேட்டார்கள். சர்ரென்று நீளமாக, ஒரே இழுப்பில் உரியும் சத்தம். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பாட்டுக் கேட்பதைப்போல இருந்தது.

ரயில் யார்டுக்கு அப்பால் ஒரு வெளிச்சம் குதித்து எழுந்தது. வெள்ளை வெளேரென்று, இருட்டில் ஒரே ஒரு புள்ளி. அத்தை சந்தோஷத்தில் அதை ஆட்டினார். ஆட்ட வேண்டாம் அத்தை, எங்கேயாவது சாய்த்து வையுங்கள் என்று அவள் கத்தியேவிட்டாள். மியூட் கத்தி வீட்டில் யாரும் கேட்டதில்லை. அப்பா மெழுகுவத்தியைத் தட்டிவிடப் பார்த்தார்.

தட்டு, பொத்தான், குண்டூசித் தலை. தாண்டிப் போய்த் திரும்பி வந்து மறுபடி குண்டூசித் தலை. வளையம் அந்தப் படுத்த எட்டைத் தொடவில்லை. அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறுகையால் டேப்பைத் தேடினாள். அதற்குள் அம்மா டேப்பை எடுத்து, நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, வளையத்தின் மேல் வைத்து அழுத்தி, ஓரங்களை நகத்தால் நீவிவிட்டாள். வாழ்நாளில் அம்மா ஒன்றை ஒட்டி அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஷட்டரைத் திறந்தாள், மூடினாள். மறுபடி திறந்தாள். நாலைந்து முறை வெறும் வானம்தான் விழுந்தது. பிறகு யார்டின் மேலே மேகம் விரிசல் விட்டது. தண்டு ஒன்று, அதிலிருந்து கிளைகள், கிளையிலிருந்து கிளைகள், கடைசியில் தலைமுடி அளவு இழைகள். அறைக்குள் நாற்காலியின் நிழல்கூடச் சுவரில் விழுந்தது. ஷட்டர் மூடியதும் திரையில் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். இழைகள் இழைகளாகவே இருந்தன.

அவள் கேமராவை அப்பா பக்கம் திருப்பினாள். அப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடி, அது நெற்றியிலேயே இருப்பதைக் கண்டுபிடித்து, இறக்கிப் போட்டுப் பார்த்தார்.

"ஊறாத மின்னல்," என்றார்.

மழை ஓய்ந்தது. கரண்ட் வரவில்லை. முக்காலியை மடக்கியபோதுதான் அம்மா அறையில் இல்லை என்பது தெரிந்தது. மாடிப்படியில் இருட்டில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஃப்ளாட்டில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, முழங்கால் வலி எப்படி இருக்கிறது, எதிர்வீட்டுப் பெண்ணுக்கு என்ன குழந்தை. நடுவில் அத்தை, இன்னும் டார்ச்சைப் பிடித்திருக்க வேண்டுமா, கை மரத்துப் போய்விட்டது என்றாராம். சாய்த்து வைக்கச் சொன்னது அவர் காதில் விழவே இல்லை. எல்லோரும் அவரை மறந்தே போயிருந்தார்கள். அவள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். யார்டுக்கு அப்பால் அந்தப் புள்ளி இன்னமும் எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் முதலாளி படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். பெரிதாக்கச் சொன்னார். இன்னும் பெரிதாக்கச் சொன்னார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இது நம்ம மின்னல்," என்றார். சேல்ஸ் மேனேஜர் தன் ஊதா மாதிரியைச் சத்தமில்லாமல் ஃபைலுக்குள் செருகிக்கொண்டார். ஆனால் குறை சொல்லாமல் போனால் அவருக்குத் தூக்கம் வராது. படத்தின் கீழ் மூலையில் விரலை வைத்தார்.

"இங்க ஒரு தூசி இருக்கு. அச்சகத்துல சொல்லி அழிச்சுடலாம்."

"அது தூசி இல்ல சார்," என்றாள் அவள். எல்லோரும் கதவோர நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்கள். இந்தத் தடவை அவள் தரையைப் பார்க்கவில்லை. "அது எங்க அத்தை. அழிக்கக் கூடாது."

அழிக்கவில்லை. காலண்டர் வந்ததும் முதல் பிரதியை அத்தைக்குத்தான் எடுத்துக்கொண்டு போனார்கள், மூவருமாக. அத்தை அதை ஹாலில் நல்ல இடமாகப் பார்த்து மாட்டினார், அச்சகம் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறையோடு. வருகிறவர்களிடமெல்லாம், கீழே புள்ளியாகத் தெரிவது நான்தான் என்று சொல்லப் போவதாகச் சொன்னார். ஆனால் உறையில் டியூப்லைட் பட்டுப் பளபளத்ததில் மின்னலும் சரியாகத் தெரியவில்லை, அத்தையும் தெரியவில்லை.

அம்மா பிளாஸ்டிக் சோபாவில் உட்கார்ந்து காபி குடித்தாள். கண் மட்டும் காலண்டரை விட்டு அசையவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அத்தை இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் நடந்தவர், திரும்பாமலே சொன்னார்.

"காலண்டரை மட்டும் பிரி. ஃப்ரிட்ஜ் பக்கம் வந்துடாத."